ஓரமாய்ப் படுத்த புனிதை

விண்ணில் உள்ளோரும் மண்ணில் உள்ளோரும் இதற்கு இடைப்பட்ட சதுப்பு நிலத்தில் கிடந்து அல்லாடுவோரும் கவனிக்க வேண்டிய மாபெரும் செய்தி என்னவென்றால்: எங்கள் மன்னர் ஹுன்வால்டின் தங்கையும், போரில் மாண்ட மேற்கு நாட்டு மன்னரின் விதவையும், விதன்சி மடத்தின் முதல் தலைவியுமான கினவின் அம்மையார் தம் வாழ்நாள் முழுவதும் கன்னியாகவே இருந்தார். அம்மையார் இறந்து பதினாறு ஆண்டுகள் கழித்து, பதினோரு பிரபுக்களும் ஓர் ஆயரும் மன்னர் முன்னிலையில் கூடி, மதியச் சாப்பாட்டுக்கு முன்பாக ஒருமனதாக இந்த முடிவை எடுத்தார்கள்.

விதவை எப்படிக் கன்னியாக இருக்க முடியும் என்று கேட்க ஒரு பிரபு வாயைத் திறந்தாராம். அதற்குள் வறுத்த பன்றி வந்துவிட்டது. திறந்த வாய்க்கு வேறு வேலை கிடைத்தது.

அந்த முடிவைப் புத்தகமாக எழுதத்தான் என்னை விதன்சிக்கு அனுப்பினார்கள். என் பெயர் டுட்டா. குருப்பட்டம் பெற்றவன். புனிதர்களின் வாழ்க்கை வரலாறு எழுதுவது என் பிழைப்பு. அதற்கு முன் மூன்று பேரை எழுதியிருந்தேன். மூன்று பேர் பிறந்தபோதும் கூரைமேல் ஒளித்தூண் நின்றது. மூன்று பேருமே கைக்குழந்தையிலேயே புதன், வெள்ளிக் கிழமைகளில் தாய்ப்பால் குடிக்க மறுத்தார்கள். மூன்று பேரின் கல்லறைகளைத் திறந்தபோதும் உடல் அழுகாமல், தூங்குவதுபோல் கிடந்தது. நான் அந்த மூன்று கல்லறைகளின் பக்கமே போனதில்லை. போனால் எழுத வராது.

விதன்சி ஒரு தீவு. நாணலும் சேறும் சூழ்ந்த மேடு என்றால் இன்னும் பொருத்தம். நான் போய்ச் சேர்ந்தது கால்நடைகளை அறுக்கும் மாதம். நண்பகலிலேயே சூரியன் ஊறவைத்த துணிபோல வெளுத்துக் கிடந்தது. பனிமூட்டத்தில் படகுக்காரனின் துடுப்பு தெரிந்தது, அதன் நுனி தெரியவில்லை. கரை கண்ணில் படும் முன்பே சத்தம் காதில் விழுந்தது. மாடுகள். ஒன்று நிறுத்தினால் இன்னொன்று எடுத்துக்கொண்டது.

"ஏன்பா இப்படிக் கத்துதுங்க?"

"கன்னுக்குட்டிங்கள நேத்து அறுத்தாங்க சாமி," என்றான் படகுக்காரன். "நாப்பது உருப்படி. உங்க புத்தகம் எழுதத் தோல் வேணும்னு சொல்லி அனுப்புனீங்களாமே."

நான் மேலங்கியை இழுத்துக் காதை மூடிக்கொண்டேன்.

"தாய் மாடு பாருங்க, அதுக்குப் புண்ணிய காரியம்னா என்னன்னு தெரியல," என்றான். துடுப்பைப் போட்டான்.

கரையில் மடத்துத் தலைவி பெர்ட்கித் நின்றாள். மன்னரின் மகள். கினவினுக்கு அண்ணன் மகள். ஆட்டுத்தோல் மேலங்கிக்குள் சிலுவையும், அதற்குள் அவசரமும் வைத்திருந்தாள்.

"வாங்க சாமி. பக்கத்து மடத்துல ஒரு புனிதரோட கை எலும்புதான் இருக்கு. அதுவும் எந்தக் கைன்னு அவங்களுக்கே தெரியாது. அங்க என்ன கூட்டம் தெரியுமா? இங்க எங்க அத்தை முழுசாப் படுத்திருக்காங்க. முப்பத்தாறு வருஷமா இந்த மடத்துக்கு விலாங்கு மீனைத் தவிர ஒரு பேர் இல்ல."

தேவாலயத்தை ஒட்டி இருந்த சிற்றறையை எனக்குக் கொடுத்தார்கள். ஒரு பலகை, ஒரு கட்டில், ஒரு சாளரம். சாளரத்துக்கு வெளியே பனி. பனிக்கு அப்பால் மாடுகள்.

கையோடு கொண்டுவந்திருந்த பதப்படுத்திய தோலை விரித்து, உட்கார்ந்து எழுதினேன். 'அரச குலத்தில் உதித்த கன்னி கினவின்' என்று தொடங்கினேன். மையை ஊதிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது அரச குலம் காய்ந்திருந்தது. உதித்ததும் காய்ந்திருந்தது. கினவின் காய்ந்திருந்தாள்.

கன்னி மட்டும் ஈரமாக இருந்தாள்.

கத்தியால் சுரண்டிவிட்டு மறுபடி எழுதினேன். மறுநாளும் ஈரம். தோலில் ஏதோ கொழுப்பு இருக்கிறது என்று நினைத்தேன். வேறு தோலை எடுத்தேன். அதிலும் அந்தச் சொல் மட்டும் காயவில்லை. விரலால் தொட்டேன். விரல் நுனி கறுப்பாக இல்லை. மங்கலாக, வெண்மையாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன்.

பால்.

"என்ன சாமி, நனைஞ்சிருக்கா?"

வாசலில் ஒருத்தி நின்றாள். மடத்துச் சலவைக்காரி புக்கா. அறுபது வயதிருக்கும். சாம்பல் நீரில் வெந்து வெந்து முழங்கை வரை சிவந்த கைகள். என் படுக்கை விரிப்பை எடுத்துப்போக வந்திருந்தாள்.

"பனிக்காத்து. மை காயமாட்டேங்குது."

"பனின்னா எல்லா எழுத்துந்தான நனையணும்." அவளுக்கு எழுத்து தெரியாது, கண் தெரிந்தது. "அது என்ன வார்த்தை சாமி?"

சொன்னேன்.

அவள் சிரித்தாள். சிரிக்கும்போது முகத்தில் சிரிப்பு இல்லை.

"அந்தம்மா மாருல நாப்பது நாள் துணி சுத்துனவ நான். கட்டிப்போயி வலி தாங்காம கத்தும். காலையில சுத்துவேன், பொழுது சாய அவுத்துப் பிழிவேன். கன்னின்னா நான் எதைப் பிழிஞ்சேன் சாமி?"

"மெதுவாப் பேசு."

"மெதுவாத்தான் பேசுறேன். முப்பத்தாறு வருஷமா மெதுவாத்தான் பேசுறேன்."

கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னாள். கினவினைப் பதினைந்து வயதில் மேற்கு நாட்டு மன்னருக்குக் கட்டிக்கொடுத்தார்கள், இரண்டு நாடும் சண்டையை விடவேண்டும் என்று. இரண்டு வருடத்தில் சண்டை மறுபடி வந்தது. கணவன் களத்தில் விழுந்தான். அண்ணன் ஹுன்வால்ட் தங்கையை வீட்டுக்குக் கூட்டிவந்தான். கூடவே, தோழியாகப் போயிருந்த புக்காவும் வந்தாள். தங்கையின் கையில் ஓர் ஆண் குழந்தை. ஞானஸ்நானத்தின் வெள்ளைத் துணிகூட இன்னும் அவிழ்க்கவில்லை. பெயர் ஆல்ரிக்.

"வளந்தா அப்பன் நாட்டைக் கேக்கும், பழியும் வாங்கும்னு எவனோ ஓதியிருக்கான். மகாராஜா வந்தாரு. 'குடும்மா, மாமன் மடியில கொஞ்ச நேரம் குளிர் காயட்டும்'னாரு. கணப்புக்குப் பக்கத்துல உக்காந்தாரு. புள்ள அவரு சுட்டுவிரலைக் கெட்டியாப் புடிச்சிக்கிச்சு. போர்வைய இழுத்து மூடுனாரு. திருப்பிக் குடுக்கும்போது சத்தமில்ல. அந்த வாரமே அம்மாவை இங்க தலைவியாக்கிட்டாரு. கூடப் பொறந்தவருல்ல, நல்ல எடமாத்தான் பாத்தாரு."

"குழந்தை எங்கே?"

"துவைக்கிற கல்லுக்கு அடியில. மண்டியிட்டுத் துவைச்சா கும்புடுற மாதிரி இருக்கும். அந்தம்மாவும் தினம் வந்து எங்கூட ஒரு துணி துவைக்கும். பணிவுன்னு பேரு வாங்குச்சு."

பிறகு அவள் தனக்கு வேண்டியதைக் கேட்டாள். கினவினைப் புனிதையாக அறிவிக்க, கல்லறையைத் திறந்து உடலைக் கழுவி, புதுக் கல்பேழையில் மூன்று நாள் திறந்துவைத்து, பிறகு மூடுவதாக இருந்தோம். மூடுவதற்கு முன் விதன்சியில் ஒரு வழக்கம் உண்டு. உடலுக்குக் காவலாக இருந்த குருவைப் பார்த்து ஆயர் மூன்று தடவை கேட்பார், துணி எல்லாம் வைத்தாயிற்றா என்று. இன்னும் ஒன்று இருக்கிறது என்று குரு சொன்னால், சலவைக்காரி கடைசித் துணியை வைப்பாள். ஆயிற்று என்றால் மூடி விழும். காவல் குரு இந்த முறை நான்.

"துணிக்குள்ள சுத்திக் கொண்டாந்துடுறேன். ஒரு புறாக்குஞ்சு கனம்கூட இல்ல. நீங்க 'இன்னும் ஒண்ணு இருக்கு'ன்னு சொன்னாப் போதும். எழுத வேணாம் சாமி. உங்க கன்னி உங்களுக்கு. அவ புள்ள அவளுக்கு."

சரி என்றேன். இரக்கத்தால் என்று எழுதிக்கொள்ளலாம். இந்தத் தொழிலில் அப்படித்தான் எழுதுவோம். எனக்கு அந்தச் சொல் காய வேண்டியிருந்தது.

கல்லறையை ஒரு முற்பகலில் திறந்தார்கள். துறவிச் சகோதரிகள் ஒரு பக்கம், அதே மடத்துச் சகோதரர்கள் ஒரு பக்கம் நின்று பாடினார்கள். மண்ணை அள்ள அள்ள அழுகல் வாடை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கறந்த வாளியைத் திறந்ததுபோல் ஒரு வாடை வந்தது.

ஆயர் துணியை விலக்கினார்.

தூங்குவதுபோல் கிடந்தாள்.

மூன்று முறை எழுதியிருக்கிறேன் அந்த வாக்கியத்தை. அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

கூட்டத்தின் ஓரத்திலிருந்து புக்கா என்னைப் பார்த்தாள். பதினாறு வருடத்துக்கு முன் அந்தக் கைகளை மார்பின் குறுக்கே மடித்துவைத்தது அவள்தான். இப்போது மடிந்திருக்கவில்லை. ஒரு கை, ஒரு சிறு தலைக்கு அணையாக வளைந்திருந்தது. மற்றக் கை அதற்குச் சற்று மேலே, விரல்கள் தாழ்ந்து, தட்டிக்கொடுக்கும் பாவனையில்.

"ஜெபிக்கிற கோலம்," என்றார் ஆயர்.

"ஆமா ஆண்டவரே. எங்க அத்தை எப்பவும் இப்படித்தான் ஜெபிப்பாங்க," என்றாள் பெர்ட்கித்.

எங்கோ இடிந்துகிடந்த பழைய நகரம் ஒன்றிலிருந்து வெள்ளைக் கல்பேழை ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். அதன் நடுவில் அவளைக் கிடத்தினோம். தேவாலயத்தைப் பூட்டி, சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டு சாப்பிடப் போனேன். விலாங்குதான். வந்து திறந்தேன்.

அவள் நடுவில் இல்லை.

கல்லின் இடப்பக்கச் சுவரோடு ஒட்டி, ஒருக்களித்துக் கிடந்தாள். வலப்பக்கம் இடம் விட்டிருந்தாள். பிள்ளைக்காரி கட்டிலில் எப்படிப் படுப்பாள், தான் விளிம்பில் தொங்கினாலும் பிள்ளைக்கு இடம் வேண்டும் என்று? அப்படி. விட்ட இடத்தில் தலையணைத் துணி ஒரு கைப்பிடி அளவுக்குக் குழிந்திருந்தது.

ஆயரைக் கூப்பிட்டேன். பார்த்தார். அவர் கண்கள் கலங்கின.

"பணிவு," என்றார். "மகாராணியா இருந்தவங்க. நடு இடம் தனக்கு வேணாம்னு ஒதுங்குறாங்க பாருங்க. எழுதிக்கங்க டுட்டா."

அதை வைத்து ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தார். நல்ல பிரசங்கம். நானும் எழுதிக்கொண்டேன். அவளை மறுபடி நடுவில் கிடத்தினோம்.

இரண்டாம் நாள் பகல் முழுவதும் பேழைக்குப் பக்கத்திலேயே நின்றேன். பகல் என்று பெயர். சாளரங்களில் பனி அப்பியிருந்தது. மெழுகுத்திரிகள் தங்கள் காலடிக்கு மட்டும் வெளிச்சம் போட்டுக்கொண்டன. வெளியே மாடுகள் தொண்டை கட்டிப்போன குரலில் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. பகல் பாட்டு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். ஒரு திரி கரிந்தது. அதைக் கிள்ளிவிடத் திரும்பினேன்.

கல்லின்மேல் துணி உராயும் சத்தம்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மாடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓய்ந்தன.

பிறகு அந்த இன்னொரு சத்தம். மிகச் சின்னது. சப்புக்கொட்டுவது. இடையில் ஒரு மூச்சு. மறுபடி சப்புக்கொட்டுவது. வயிறு நிறையாத குழந்தை, காம்பு நழுவிவிடுமோ என்று அவசரமாகக் குடிப்பதுபோல.

திரி என் விரலைச் சுட்டது. அப்போதுதான் அதை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

மூன்றாம் நாள் மன்னர் வந்தார். அறுபதைத் தாண்டியவர். இரண்டு குளிர்காலமாக விடாத இருமல். அதற்குள் இங்கே ஒரு பெரிய அற்புதம் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. உடலைச் சுற்றிய புதுத் துணி மார்புப் பக்கம் நனைந்து, சொட்டிக்கொண்டிருந்தது. ஆயர் முழங்காலிட்டார். புனிதர் உடலில் ஊறும் பரிசுத்த எண்ணெய், சகல நோய்க்கும் மருந்து என்று அறிவித்தார். சகோதரிகள் வெள்ளிக் கிண்ணத்தில் பிடித்தார்கள். மடம் முழுக்கப் பிள்ளை பெற்றவள் ஒருத்திகூட இல்லை. சுவரோரம் நின்ற புக்காவுக்கும் பிள்ளை கிடையாது. ஆனால் அவளுக்குத் தெரியும். கடைசித் துணியை மடித்து இரண்டு கையிலும் ஏந்தி நின்றாள். துணியின் நடுவில் ஒரு சிறு புடைப்பு.

பெர்ட்கித் கிண்ணத்தைத் தன் தந்தையிடம் நீட்டினாள். "குடிங்கப்பா. அத்தை உங்களுக்காகத்தான் குடுக்கிறாங்க."

மன்னர் ஒரு மிடறு குடித்தார். முகம் மாறியது.

"சூடா இருக்கே."

தங்கையின் முகத்தைப் பார்க்க அவர் பேழைமேல் குனிந்தார். வலது கையைக் கல்லின் விளிம்பில், அவள் விட்டிருந்த காலி இடத்துக்கு நேராக ஊன்றினார்.

பிறகு கையை எடுக்கப் பார்த்தார். வரவில்லை.

சுட்டுவிரல் கொஞ்சம் வளைந்திருந்தது. அதைச் சுற்றி எதுவும் இல்லை. அவர் இழுத்தார், முதலில் மெதுவாக, பிறகு கதவிடுக்கில் மாட்டிய விரலை இழுப்பதுபோல. விரல் விடுபட்டபோது அதன் நடுவில் இரத்தம் செத்து, வெள்ளையாக ஒரு சிறு வளையம்.

"மூடுங்க," என்றார்.

"மகாராஜா, சங்கீதம் இன்னும் முடியல..."

"மூடுங்கடா."

எட்டுப் பேர் கல்மூடியைத் தூக்கினார்கள். ஆயர் அவசரமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். வழக்கத்தை விட முடியாதே.

"துணி எல்லாம் வெச்சாச்சா?"

புக்கா ஓர் அடி முன்னால் வந்தாள். மன்னர் அவளைப் பார்த்தார். அவள் கையிலிருந்ததைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவளை அடையாளம் தெரிந்ததா, தெரியவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் யோசித்ததெல்லாம் அந்த வலது கையைப் பற்றித்தான். எவ்வளவு பெரிய கை.

"ஆச்சு," என்றேன்.

"துணி எல்லாம் வெச்சாச்சா?"

பேழைக்குள் சப்புக்கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. என் பதிலுக்கு முன் அது நின்றது. கேட்பதற்காக நின்றதுபோல.

"ஆச்சு."

"துணி எல்லாம் வெச்சாச்சா?"

"ஆச்சு ஆண்டவரே."

மூடி விழுந்தது. ஈயத்தை உருக்கி விளிம்பில் ஊற்றினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு புக்கா என்னிடம் வந்தாள். அழவில்லை. எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறையைச் சலவைக்காரி எப்படிப் பார்ப்பாளோ, அப்படி என்னைப் பார்த்தாள்.

"சரி சாமி. அப்ப நீங்களே வெச்சுக்கங்க."

துணியை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். புறாக்குஞ்சு கனம்கூட இல்லை. உண்மைதான்.

அன்றைக்கே அதைக் கொண்டுபோய்த் துவைக்கிற கல்லுக்கு அடியில், இருந்த இடத்தில் வைத்து மூடினேன்.

புத்தகம் அமோகமாக வந்திருக்கிறது. நாற்பது தோலும் பிரதிகளாகி நாடு முழுக்கப் போயிருக்கின்றன. காயாத அந்தச் சொல்லின்மேல் எல்லாப் பிரதியிலும் தங்க இலை ஒட்டினோம். பார்ப்பவர்கள் மரியாதைக்காக என்று நினைக்கிறார்கள். தங்கம் வாரம் ஒருமுறை உரிகிறது, மறுபடி ஒட்டுகிறோம். பெர்ட்கித்துக்குக் கூட்டம் கிடைத்துவிட்டது. மன்னரின் இருமல் போயே போய்விட்டது. அதுதான் புத்தகத்தில் முதல் அற்புதம். மனுஷன் வேட்டைக்குப் போகிறார், மூன்று வேளை சாப்பிடுகிறார், குறட்டைவிட்டுத் தூங்குகிறாராம்.

நான்தான் தூங்குவதில்லை. தூங்கினாலும் நடுவில் தூங்குவதில்லை. ஒவ்வொரு நாள் விடியும்போதும் கட்டிலின் வலது விளிம்பில், விழுந்துவிடும் நிலையில் கண்விழிக்கிறேன். எனக்குப் பக்கத்தில் ஒரு கைக்குழந்தைக்குப் போதுமான இடம். அங்கே வைக்கோல் குழிந்து, சூடாக இருக்கிறது. அதற்கு அப்பால், இடது விளிம்பில், இன்னும் ஒரு நீளமான குழிவு. அது சில்லென்று இருக்கிறது. துவைக்கிற கல்லைப் புரட்டிப் பார்த்தேன். துணி மூட்டை வைத்தபடியேதான் இருக்கிறது. என் கட்டிலில் இருப்பது என்னவென்று தெரியவில்லை. காலையில் என் சுட்டுவிரல் நடுவில் மரத்துப்போயிருக்கும்.

விரிப்பு தினமும் நனைந்திருக்கிறது. புளித்த பால் வாடை. புக்கா இளவேனிலில் செத்துப்போனாள். நானேதான் துவைத்துக்கொள்கிறேன்.